ஒன்பது மாதம் கொடுத்தும் ஒரே ராத்திரியில்தான் செய்கிறார்கள்!

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாடத்தில் பிடிப்பே இல்லையே என்று, போன ஜூலையில் ஆளுக்கொரு போர்ட்ஃபோலியோ (ஒரு தலைப்பில் மாதக்கணக்கில் தானே எழுதிச் சேர்க்கிற தொகுப்பு) கொடுத்து மார்ச்சில் வாங்கினேன். அறுபது பேரில் உருப்படியாகச் செய்தது நாலைந்து பேர். மீதி எல்லாம் இன்டர்நெட்டில் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டது. இந்த வருடமும் கொடுக்கலாமா, விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: கொடுங்கள் மேடம். ஆனால் ஜூலைக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஒரு தடவையாவது அதை வாங்கிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன தலைப்பு என்றும் எழுதவில்லை. ‘சந்தைப்படுத்தலில் நவீனப் போக்குகள்’ மாதிரி ஏதாவது கொடுத்திருந்தால் பையன் கூகுளைத்தான் கேட்பான், வேறு யாரைக் கேட்பான்?

மாதாமாதம் மாறுகிற விஷயமாகக் கொடுத்துப் பாருங்கள். நம் ஊரில் அதற்கு மல்லிகைப் பூவை விட என்ன வேண்டும்? வாரம் ஒரு நாள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைக் குறித்துவரச் சொல்லுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆவணி பிறந்தால் விலை ஏறும், இதுவரை வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆனாலும் விலை எகிறுகிறதே, ஏன் என்று பூக்கடைக்காரரிடம் போய் நின்று கேட்டால்தான் பனியில் செடி பூக்காமல் வரத்து குறைவது தெரியும், தேவையும் அளிப்பும் என்று நீங்கள் போர்டில் எழுதிப்போட்ட பாடம் அப்போதுதான் அவனுக்கு உறைக்கும். இதை மார்ச் மாதக் கடைசி ராத்திரியில் உட்கார்ந்து எழுத முடியாது. சாயங்காலம் கடையில் வேலை பார்க்கிற பையன்கள் இருப்பார்கள், அவர்களை மார்க்கெட்டுக்கு அலையவிடாமல் அந்தக் கடையின் கொள்முதலையும் கடன் பாக்கியையுமே எழுதச் சொல்லலாம், முதலாளி சம்மதித்தால்.

அப்புறம், அறுபது பேரையும் ஒரே நாளில் பார்க்க முடியாதுதான். வாரம் பதினைந்து பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு பீரியடில் முடிந்துவிடும், மாதத்துக்கு எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். அந்த மூன்று நிமிடத்தில் எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். போன மாதம் நினைத்ததில் எது தப்பாகப் போச்சு என்று மட்டும் கேளுங்கள். அசைன்மென்டுக்கு உள்ள இன்டர்னல் மார்க்கையும் கடைசிக்கு மொத்தமாக வைக்காமல் இந்தச் சுற்றுகளுக்கே பிரித்துவிடுங்கள்.

அடித்துத் திருத்திய பக்கங்களைக் கிழிக்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலையில் இருந்தபோது நான் ‘நீட்டாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லப்போக, ஒரு பையன் ஆறு மாத நோட்டை ஃபேர் காப்பி எடுத்துவிட்டுப் பழையதை எடைக்குப் போட்டுவிட்டான். அவன் எங்கே குழம்பினான், எங்கே தெளிந்தான் என்பதெல்லாம் அந்தப் பழைய நோட்டில் இருந்தது. என் தப்புதான்.

இன்னொன்று. நவம்பரில் செமஸ்டர் முடிந்ததும் அந்த வகுப்பு உங்கள் கையை விட்டுப் போய்விடலாம். டைம்டேபிள் போடுகிறவரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.