பிஸ்கே விரிகுடாவ ரெண்டே பேரா கடக்குறது
வீட்ட காலி பண்ணிட்டு பாய்மரப் போட்லயே குடியேறப் போறீங்க, அதுக்கு முன்னாடி இங்கிலாந்து ஃபால்மவுத்லேர்ந்து பிஸ்கே விரிகுடாவ கடந்து ஸ்பெயின் லா கொருன்யாவுக்கு நீங்களும் மனைவியும் மட்டும் போறப்ப நைட் தூக்கத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. 450 நாட்டிக்கல் மைல் கிட்ட வரும், 5 நாட் (மணிக்கு 5 நாட்டிக்கல் மைல்) வேகம்னா கிட்டத்தட்ட நாலு நாள், அதனால மூணு மூணு மணி நேரமா மாத்தி மாத்தி முழிச்சிருங்க, முதல் நைட் யாருக்கும் தூக்கம் வராது, பரவால்ல, கண்ண மூடி படுத்தே ஆகணும். மேல டெக்ல முழிச்சிருக்கறவர் ஹார்னஸ் (உடம்ப போட்டோட இணைக்கிற பாதுகாப்பு பெல்ட்) மாட்டாம நகரவே கூடாது, பாய குறைக்க மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) கிட்ட போகணும்னா கீழ இருக்கறவர எழுப்பிடுங்க, பாவம் தூங்கட்டும்னுலாம் பாக்காதீங்க. அப்புறம் 200 மீட்டர் கடல் ஆழம் சடார்னு 4000 மீட்டர் ஆகுற எடத்துல அலை எகிறும், பலமா காத்தடிக்கிற அன்னிக்கு அங்க மாட்டிக்காதீங்க. வாந்தி மாத்திரைய கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுக்குங்க. ஓர்க்கா திமிங்கிலம் வந்து போட்டோட சுக்கான இடிக்கிறது 2020லேர்ந்து அந்தப் பக்கம் நடக்குது, எங்க சுத்துதுன்னு பாத்துட்டு கிளம்புங்க.