பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோ பழகுகிறேன். எதைப் பார்த்துப் படிப்பது? எடிட்டர் அடிக்கும்போது பெயர் எதையுமே எடுத்துக்கொடுக்க மாட்டேன் என்கிறதே?

முதலில் டெர்மினலில் 'பைத்தான் -எம் ஜாங்கோ --வெர்ஷன்' என்று அடித்து, உங்களிடம் இருப்பது எந்த வெர்ஷன் என்று பார்த்துவிட்டு வாருங்கள். இதைப் பார்க்காமல் ஒரு சனி, ஞாயிறை முழுசாகத் தொலைத்தவன் நான். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல, பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து 'யுஆர்எல்()' என்று எழுதினேன். இம்போர்ட் எரர். எழுத்துப்பிழையோ என்று நாலு தடவை அழித்து அழித்து அடித்தேன். அந்த ஃபங்ஷனையே 2021 டிசம்பரில் வந்த 4.0-இல் தூக்கிவிட்டார்கள் என்பது ஞாயிறு ராத்திரிதான் தெரிந்தது. இப்போது எழுத வேண்டியது 'பாத்()', அது 2.0-இலேயே வந்துவிட்டது. வீடியோ போட்டவர் மேல் தப்பில்லை, அவர் காலத்தில் அது சரி.

அதனால் நான் சொல்வது ஜாங்கோவின் அதிகாரபூர்வ டாக்குமென்டேஷனைத்தான். கூகுள் வழியாகப் போனால் பல நேரம் பழைய வெர்ஷன் பக்கத்தில் கொண்டுபோய் விடும். பக்கத்தின் கீழ் மூலையில் வெர்ஷன் மாற்றும் வசதி இருக்கிறது. எடுத்த எடுப்பில் ரெஃபரன்ஸ் பகுதிக்குள் நுழையாதீர்கள், தலை சுற்றும். அங்கேயே இருக்கும் 'போல்ஸ்' (வாக்கெடுப்பு) டுடோரியலைக் காப்பி பேஸ்ட் இல்லாமல் கையால் அடித்து முடியுங்கள். கிளாஸ் பேஸ்ட் வியூக்களுக்கு (பக்கத்தைக் கொடுக்கும் வேலையை கிளாஸாக எழுதும் முறை) வந்ததும் 'கிளாஸி கிளாஸ்-பேஸ்ட் வியூஸ்' என்ற தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெத்தட் எந்தத் தாய் கிளாஸிலிருந்து வருகிறது என்பதை ஒரே பக்கத்தில் காட்டும். நெட் சரியில்லாத ஊர் என்றால் மொத்த டாக்குமென்டேஷனையும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

எடிட்டர் விஷயம். விஎஸ் கோடு என்றால் பைத்தான் எக்ஸ்டென்ஷன் போதும். 'இம்போர்ட் ஜாங்கோ' வரிக்குக் கீழே நெளிகோடு விழுகிறதா? பெரும்பாலும் ஜாங்கோ ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (ஒரு புராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான்) இருக்கும், எடிட்டர் வேறொரு பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' போய் உங்கள் என்விரான்மென்ட்டைக் காட்டுங்கள். நெளிகோடு போய்விடும். அதற்குப் பிறகு கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு 'லிஸ்ட்வியூ' போன்ற ஜாங்கோ பெயர் மேல் கிளிக் செய்தால் ஜாங்கோவின் சோர்ஸ் கோடே திறக்கும். பாதி நாள் எனக்கு அதுதான் டாக்குமென்டேஷன்.

அப்போதும் ஒன்றிரண்டு பெயர்களை எடுத்துக்கொடுக்காமல் எடிட்டர் அடம் பிடிக்கும். டுடோரியலில் வரும் 'சாய்ஸ்_செட்' அப்படி ஒன்று. அதை நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. ஃபாரின் கீயை (ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் ஃபீல்டு) பார்த்து, புரோகிராம் ஓடும்போது ஜாங்கோவே சேர்ப்பது. கோப்பை மட்டும் படிக்கும் எடிட்டருக்கு அது எப்படித் தெரியும்? அடித்துவிட்டு, ஜாங்கோ கோடை வரி வரியாக ஓட்டிப் பார்க்க உதவும் 'மேனேஜ்.பிஒய் ஷெல்'லில் ஓட்டிப் பாருங்கள், வேலை செய்யும்.