வைரமும் கிராஃபைட்டும் கார்பன்தான் என்றால், அவற்றின் பண்புகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

ஒரே தனிமம், அதன் அணுக்கள் பிணையும் முறை மாறுவதால் வெவ்வேறு பொருள்களாக அமைவதைப் புறவேற்றுமை என்பர்.

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களுடன் முப்பரிமாணத்தில் பிணைந்திருப்பதால், எத்திசையிலும் எளிதில் நழுவாத கடினமான கட்டமைப்பு உருவாகிறது. கிராஃபைட்டிலோ ஓர் அணு மூன்று அணுக்களுடன் மட்டுமே பிணைந்து, அறுகோணங்களாலான தட்டையான அடுக்குகளை உருவாக்குகிறது. கார்பன் அணுவின் நான்கு பிணைப்பு எலக்ட்ரான்களில் எஞ்சும் நான்காவது, அடுக்கினூடே நகரக்கூடியது என்பதால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துகிறது, தூய வைரம் கடத்துவதில்லை. (வெப்பத்தைக் கடத்துவதிலோ வைரம் செம்பையே விஞ்சிவிடும்.)

கிராஃபைட்டின் மென்மையைப் பலர் அதன் பிணைப்புகளின் பலவீனம் என்று கருதுகின்றனர். உண்மையில் ஓர் அடுக்குக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், வைரத்தில் 0.154. அதாவது, இடைவெளி குறைவாக இருப்பதால் அடுக்குக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தினதைவிட வலிமையானது. 0.335 நானோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த அடுக்குடன் உள்ள ஈர்ப்பே மெலிது. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைக் கிழிப்பதைவிடக் கட்டிலிருந்து அதை நழுவவிடுவது எளிதல்லவா? பென்சிலின் கிராஃபைட் முனை எழுதுவதும் அப்படித்தான்.

அந்த அடுக்குகளில் ஒன்றை மட்டும் 2004-இல் பிரித்தெடுத்தனர், அது கிராஃபீன். 60 அணுக்கள் பந்துபோல் இணைந்த ஃபுல்லரின் 1985-இல் கண்டறியப்பட்டது.

வைரமே கார்பனின் மிக நிலையான வடிவம் என்பது தவறு: சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட்தான் அதிக நிலைத்தன்மை கொண்டது, வைரம் அதுவாக மாறும் வேகம் கவனிக்க முடியாத அளவு குறைவு.