கடைசி பெஞ்ச்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் எங்களுடையது சின்ன சபை. ஆங்கிலிக்கன் வழியில் வந்த சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. நாற்பது குடும்பம் தேறினால் அதிகம். ஜிப்மருக்கு நோயாளியோடு வருகிறவர்கள், காலாப்பட்டு பல்கலைக்கழக மாணவர்கள் என்று மாதத்துக்கு நாலைந்து புதுமுகம் எட்டிப் பார்க்கிறது. மறுவாரம் ஆளைக் காணோம். வாசலில் ரோஜா கொடுக்கலாம், ஆராதனையில் எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்தலாம் என்று சபையை நடத்தும் பாஸ்டரேட் கமிட்டியில் பேச்சு ஓடுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, புதுச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

ரோஜா வேண்டாம். எழுந்து நிற்கச் சொல்வது வேண்டவே வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன் அம்மாவை ஜிப்மரில் சேர்த்திருந்தோம். ஞாயிறு காலை தங்கையை வார்டில் உட்கார வைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு ஒரு கோயிலுக்குப் போனேன். (திருநெல்வேலிக்காரன் வாயில் சர்ச் என்று வராது, எங்களுக்கு அது கோயில்தான்.) மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு குடும்பம் வந்து பக்கத்தில் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை, சும்மா நின்றது. புரிந்துகொண்டு பின்னால் போனேன். அறிவிப்பு நேரத்தில், புதிதாக வந்தவர்கள் எழுந்து பெயர் சொல்லலாம் என்றார்கள். பெயரைச் சொன்னேன், அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதையும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. ஆளாளுக்குப் பக்கத்து சொந்தக்காரரைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார்கள். நான் பாதி நீட்டிய கையை மடக்கிப் பாட்டுப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். முன் பெஞ்சில் இருந்த பாட்டி ஒருவர் உடம்பை முழுசாகத் திருப்பி, அந்தக் கையைப் புத்தகத்திலிருந்து எடுத்து, தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டார். தைல வாசனை. "சமாதானம்யா" என்றார். ஆராதனை முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "அம்மாவுக்கு எந்த வார்டு?" வார்டுக்கு அவர் வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் நான் போனேன்.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அது 1950இல் கொண்டுவந்த நற்கருணை (அப்பமும் திராட்சரசமும் பகிர்வது) ஆராதனை முறையில்தான், ஆராதனை நடத்தும் ஆயரிடமிருந்து தொடங்கி ஆள் மாற்றி ஆள், கையோடு கை வைத்துச் சமாதானம் கடத்தும் வழக்கம் சபை முழுவதற்கும் வந்தது. மற்ற நாட்டு ஆங்கிலிக்கன்காரர்களும் பிறகு நம்மைப் பார்த்து எடுத்துக்கொண்ட விஷயம் இது. வரவேற்பு உங்கள் ஆராதனைக்குள்ளேயே இருக்கிறது என்கிறேன். அதை அவசரக் கும்பிடாக ஆக்கிவிட்டு வாசலில் ரோஜா நீட்டுவானேன்?

நற்கருணைக்கு முன்னால் ஆயர் ஒரு வரி சொல்லட்டும்: யார் வந்து வாங்கலாம், வாங்காதவர்கள் என்ன செய்யலாம் என்று. பெஞ்சே எழுந்து போகும்போது போவதா இருப்பதா என்று தெரியாமல் முழிப்பது பெரிய அவஸ்தை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. "சொந்த ஊர் எது?" என்று கேட்பதை நாம் அன்பு என்று நினைக்கிறோம். ஊருக்கு அடுத்தது தெரு, தெருவுக்கு அடுத்தது யார் வீட்டுப் பிள்ளை. மூன்றாவது கேள்வியில் கேட்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். கேட்கப்பட்டவருக்கும் அது தெரியும். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாக, அடியோடு விட வேண்டும் என்று எழுதினார். உட்காரும் இடத்திலிருந்து நற்கருணைக்கு வரும் வரிசை வரை வேற்றுமை இருந்த காலம். தஞ்சாவூரில் ஏராளமானோர் சபையை விட்டே போனார்கள். பெஞ்சில் இருந்த கோடு போய்விட்டது, சரி. அது காபி டம்ளரோடு வாசலில் நின்று ஊர் விசாரிக்கிறது. புதியவரிடம் முதல் மாதம் ஊர் கேட்பதில்லை என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் போடுங்களேன். சிரிப்பார்கள். யார் சிரிக்கவில்லை என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், பழைய ஆட்களைக் கடைசி இரண்டு பெஞ்சிலிருந்து கிளப்புங்கள். தாமதமாக வருகிற புதியவர் நாற்பது குடும்பத்தின் கண் பட முன்வரிசை வரை நடக்க வேண்டியிருக்கிறது. ரோஜாவைவிட இது கஷ்டம். அந்த பெஞ்சுகளில் மின்விசிறி நன்றாகச் சுற்றும்.