எச்.ஐ.வி குடும்பங்களுக்காக நடக்கும் ஓவிய விற்பனையில் படம் வாங்கினால் அந்தப் பணம் எதற்குப் போகிறது? மருந்துதான் அரசே இலவசமாகத் தருகிறதே?

மருந்து இலவசம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். எச்.ஐ.வி கிருமியை உடம்பில் பெருகவிடாமல் அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்று பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. ஆகவே "இந்தப் படத்தை வாங்கினால் ஒருவருக்கு மாத்திரை கிடைக்கும்" என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சென்னையில் நடக்கும் இப்படி ஒரு விற்பனைக்கு நான் பில் போட்டு, பிறகு கணக்கும் பார்த்துக் கொடுப்பவன். செலவு வவுச்சர்களில் அதிகம் வருவது பஸ் டிக்கெட். பலர் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போவதில்லை. அங்கே வரிசையில் நின்றால் தெருக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் பக்கத்து மாவட்ட மையத்தில் பதிந்துகொள்கிறார்கள். போக வர டிக்கெட், அன்றைய கூலி நஷ்டம், கூட வரும் பிள்ளைக்குச் சாப்பாடு எல்லாம், இந்தப் பணம் கைகொடுக்காவிட்டால், அவர்கள் கைக்காசுதான். வீடுகளுக்குப் போய்வரும் களப்பணியாளர் ஒரு அக்கா சொன்னார்: மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கும் சத்தம் கேட்கக்கூடாது என்று உள்ளே பஞ்சு வைத்து அடைத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார்களாம். மாமியாருக்குக்கூடத் தெரியாமல் தினம் ஒரு மாத்திரை போடுவதென்றால் சும்மாவா?

கைக்குழந்தை இருந்தால் அலைச்சல் இன்னும் கூடும். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் ரத்தப் பரிசோதனை. அப்புறம் 6, 12, 18 மாதங்களில். 18 மாதம் முடிந்துதான் 'குழந்தைக்கு இல்லை' என்று உறுதியாகச் சொல்வார்கள். நடுவில் ஒரு தடவை வராமல் போனால், தேடிப்போய்க் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். தொற்றுள்ள பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் "நான் மட்டும் ஏன் தினமும் மாத்திரை போடணும்?" என்று கேட்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும். இந்த ஆட்களில் நிறையப் பேர் தாங்களும் தொற்றோடு வாழ்பவர்கள். அவர்களுக்குத் தரும் சம்பளத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவு நிர்வாகச் செலவா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வேலையில் கவனிப்பு என்பதே அந்த ஆள் வீட்டுக்கு வருவதுதான்.

சரி, படத்துக்கு வருவோம். ஓவியர் முழுத் தொகையையும் விட்டுக்கொடுக்கிறாரா, பாதியா என்பது விற்பனைக்கு விற்பனை மாறும். பாதி எடுத்துக்கொண்டால் தப்பே இல்லை, அவருக்கும் கேன்வாஸ் சும்மா வரவில்லை. பிரேம், ஹால் வாடகை, அழைப்பிதழ் இவற்றை யார் ஏற்கிறார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்ட உடனே சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "இது அந்தக் குழந்தைங்க வரைஞ்சதா? அவங்க போட்டோ இருக்கா?" என்று கேட்பார். கிடையாது. ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், நாளைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டாமா? பிள்ளைகளின் முகத்தைக் காட்டிக் காசு கேட்கும் விற்பனை என்றால் நான் உள்ளேயே போகமாட்டேன்.

படம் உங்கள் வீட்டுச் சுவருக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள். பிடிக்காமல், உதவி செய்ய மட்டும்தான் ஆசை என்றால் நேரடியாக நன்கொடை கொடுப்பதே மேல். பிரேம் காசும் மிச்சம். படம் வாங்கினால் அது கொள்முதல், நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கேட்க முடியாது. நன்கொடைக்குக் கேட்கலாம், ஆனால் அந்த அமைப்புக்கு 80ஜி பதிவு இருக்கவேண்டும், நீங்களும் பழைய வரி முறையில் இருக்கவேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் செல்லாது, செக்கிலோ யூ.பி.ஐ.யிலோ கொடுங்கள்.