நாளைய மழைக்கு என்ன சான்று?

கேள்வி: நாளை சூரியன் உதிக்கும் என்பதை அறிவால் நிறுவ முடியாது என்றாராமே ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், இது வீண்வாதம் அல்லவா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வீண்வாதம் அன்று. உங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் மாதத்தில் தென்மேற்குக் காற்று வீசுவதை ஆண்டுதோறும் கண்டதால், அடுத்த ஜூனிலும் வீசும் என்கிறோம். அதற்கு ஆதாரம் கேட்டால், ‘இதுவரை அப்படித்தானே நடந்தது’ என்கிறோம்; ஆனால் இதுவரை நடந்ததுபோலவே இனியும் நடக்கும் என்ற, நிறுவ வேண்டியதையே சான்றாக நீட்டுகிறோம் என்பதுதான் 1748-இல் வெளிவந்த நூலில் ஹியூம் சுட்டிய சிக்கல். (பண்டைய இந்தியப் பொருள்முதல்வாதிகளான நம் சார்வாகர்களும் அனுமானத்தை, அதாவது கண்டதைக் கொண்டு காணாததை முடிவுசெய்வதை, இவ்வாறே ஐயுற்றனர்.) ஆயினும் அவர் நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை, அதன் வேர் பழக்கம் என்றார். எனக்கு நிறைவளிக்காத இடம் அதுவே. நாம் ஏன் நம்புகிறோம் என்பதைப் பழக்கம் விளக்குமே தவிர, பல்லாண்டு மழையைக் கவனித்து நாற்றுவிடும் உழவரின் கணிப்பு, கிளி சோதிடத்தைவிட ஏன் நம்பத்தக்கது என்பதை விளக்காது.