தட்டம்மை: கேளுங்கள், சொல்கிறேன்

குழந்தைகள் மருத்துவம் பார்ப்பவள் நான். தட்டம்மை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இடையிடையே திரும்பவும் சொல்வேன்: காய்ச்சலும் தடிப்புமாக இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்குள் போய் உட்காராதீர்கள். முதலில் போன் செய்யுங்கள்.

மேடம், பையனுக்கு உடம்பெல்லாம் சிவந்திருக்கிறது. தட்டம்மையா, சின்னம்மையா?

பார்க்காமல் சொல்ல முடியாது அம்மா. ஆனால் வந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் வரும், அரிக்கும். ஒரே நேரத்தில் சில புதிதாகக் கிளம்பும், சில காய்ந்து பொருக்காகும். தட்டம்மையில் முதல் மூன்று நான்கு நாள் தடிப்பே இருக்காது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போகும், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்கவே கூசும். பிறகுதான் காதுக்குப் பின்னாலும் முடி தொடங்கும் இடத்திலும் தடிப்பு கிளம்பி, முகம், கழுத்து, மார்பு, கால் என்று கீழே இறங்கும்.

தடிப்புக்கு முன்பே ஓர் அடையாளம் உண்டு. டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு நேர் எதிரே பாருங்கள். சிவந்த சதையில் உப்புத்தூள் சிந்தியது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது காப்லிக் புள்ளி. தட்டம்மை என்று ஏறக்குறைய உறுதி. ஓரிரு நாளில் மறைந்துவிடும் என்பதால், இல்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. ருபெல்லா போன்ற வேறு காய்ச்சல்களிலும் தடிப்பு வரும், ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும். மருத்துவரிடம் போங்கள், ஆனால் போன் செய்துவிட்டு.

போன், போன் என்கிறீர்களே, அவ்வளவு பயமா?

தட்டம்மை வைரஸ் காற்றில் மிதக்கும். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறையில் 2 மணி நேரம் வரை தொற்றும் வலுவோடு இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத 10 பேர் நெருங்கிப் பழகினால் 9 பேருக்கு வரும். குழந்தைகள் மருத்துவரின் காத்திருப்பு அறையில் யார் இருப்பார்கள்? ஊசி வயது வராத கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள். முன்கூட்டியே சொன்னால் தனி வழியாகக் கூட்டிப்போய்த் தனி அறையில் பார்ப்போம். ஒரு போன் போதும்.

சளி இருக்கிறது, தடுப்பூசி போடலாமா?

போடலாம்.

லேசான காய்ச்சல் இருக்கிறது டாக்டர், ஊசியைத் தள்ளிப்போடலாமா?

லேசானது என்றால் தள்ளிப்போட வேண்டாம். கடும் காய்ச்சலில் படுத்திருந்தால் தேறியதும் போடுங்கள்.

எத்தனை தவணை? எந்த வயதில்?

இரண்டு. நோய் அதிகம் பரவும் நாடுகளில் முதல் தவணை 9 மாதத்தில், மற்ற இடங்களில் 12 மாதத்துக்குப் பின். இரண்டாவது எப்போது என்பதை உங்கள் நாட்டு அட்டவணைப்படி பாருங்கள். ஒரு தவணையில் சுமார் 93 சதவீதம், இரண்டில் சுமார் 97 சதவீதம் பாதுகாப்பு. 9 மாதத்தில் போடும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறுக்கிடுவதால் பலன் கொஞ்சம் குறையும். அதனால்தான் இரண்டாவதை விடவே கூடாது.

சார், ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்தவர்களுக்கு 1846-இல் மீண்டும் வரவே இல்லை. 65 ஆண்டு! எந்த ஊசி இப்படிக் காக்கும்? இயற்கையாக வந்துபோவதுதானே மேல்?

சார் இல்லை தம்பி, மேடம். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். 1846-இல் பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் அங்கே போய் எழுதிவைத்தது உண்மைதான். அந்தக் கதையின் மறுபாதி: தீவுகளில் இருந்த சுமார் 7,800 பேரில் 6,000 பேர் அந்த ஒரே அலையில் படுத்தார்கள். வந்து பிழைத்தவருக்கு வாழ்நாள் பாதுகாப்பு கிடைக்கும், நான் மறுக்கவில்லை. அதற்குக் கொடுக்கும் விலையைப் பற்றித்தான் பேச்சு. நிமோனியா வரும், காது கெடும், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி வரும். மிக அரிதாக, எல்லாம் முடிந்துவிட்டது என்று மறந்த ஏழெட்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்.எஸ்.பி.ஈ. என்ற மூளைச் சிதைவு வரும். அதிலிருந்து மீள்பவர் அரிது.

வலுவான உடம்புக்கு ஒன்றும் ஆகாது. நோயோடு போராடினால் எதிர்ப்பு சக்தி கூடத்தானே செய்யும்?

இந்த ஒரு நோயில் நேர் எதிர். நம் உடம்பு முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையே தட்டம்மை வைரஸ் தேடிப்பிடித்து அழிக்கிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை, நோய் வருவதற்கு முன்பும் வந்துபோன பின்பும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2019-இல் வந்த முடிவு: மற்ற கிருமிகளுக்கு எதிராக இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. ஊசி போட்ட பிள்ளைகளிடம் இந்த இழப்பு இல்லை. தட்டம்மைக்கு எதிராக ஒரு பாதுகாப்பு வாங்கிக்கொண்டு, அதுவரை சேர்த்த மற்றவற்றில் ஒரு பகுதியைத் தொலைக்கிறீர்கள். தேறிய பிள்ளை அடுத்த இரண்டு மூன்று ஆண்டு எதற்கெடுத்தாலும் படுப்பது இதனால்தான்.

அவர் கேட்பது நியாயம்தானே? சமோவாவில் ஊசி போட்டு இரண்டு குழந்தைகள் இறந்தார்களே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறேன், முழுதாக. இந்த ஊசி மருந்து உலர்ந்த பொடியாக ஒரு சிறு குப்பியில் வரும். அதற்கென்று கூடவே வரும் நீரைச் சேர்த்துக் கரைத்துப் போட வேண்டும். கரைத்ததை 6 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2018-இல் சமோவாவில் அந்த நீருக்குப் பதில் காலாவதியான தசைத் தளர்வு மருந்தைக் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் போயின. கொன்றது தவறான கலவை, தடுப்பு மருந்து அல்ல. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்: ஊசித் திட்டம் சில மாதம் நின்றது, பயத்தில் மக்கள் ஒதுங்கினார்கள், 2019-இல் தட்டம்மை புகுந்தது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

உங்கள் பிள்ளைக்குப் போடும்போது குப்பியை எப்போது கரைத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்த விவாதம் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஊசியால் ஆட்டிசம் வருமாமே?

வராது. 1998-இல் வேக்ஃபீல்டு என்ற பிரிட்டன் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையை 2010-இல் அந்த இதழே திரும்பப் பெற்றது, அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்தும் தொடர்பு தெரியவில்லை.

சளி இருந்தால் ஊசி...

மேலே பாருங்கள் அம்மா.

நேற்று விளையாட வந்த பிள்ளைக்கு இன்று தட்டம்மை என்கிறார்கள். என் மகள் ஊசி போடாதவள். இனி என்ன செய்ய?

இன்றே கிளம்புங்கள். அந்தக் காற்றைச் சுவாசித்த 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்புண்டு. உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல்: தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும் என்பதால், தடிப்பைக் கண்டு விழிப்பதற்குள் 72 மணி நேரம் கடந்திருக்கும். கைக்குழந்தை, எதிர்ப்பு சக்தி இல்லாத கர்ப்பிணி, எதிர்ப்பு சக்தி குன்றியவர் ஆகியோருக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள், கொடுக்கலாம். கர்ப்பிணிக்கு இந்தத் தடுப்பூசி போடக்கூடாது. மகளை மூன்று வாரம் கண்காணியுங்கள். காய்ச்சல் தொடங்கினால் போன்.

வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி முன்கூட்டியே கொடுத்து வைக்கட்டுமா?

வேண்டாம். தட்டம்மை வந்த குழந்தைக்கு வயதுக்கேற்ற அளவில், அடுத்தடுத்த இரண்டு நாள் மருத்துவர் கொடுப்பார். பார்வையையும் உயிரையும் காக்க அது உதவும். நோய் வராமல் தடுக்காது, அளவு மீறினால் நஞ்சு.

தடிப்பு போன இடத்தில் தோல் கறுத்திருக்கிறது, கிரீம் சொல்லுங்கள்.

தானே உரிந்து சரியாகும். போகாவிட்டால் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

நான் பள்ளித் தலைமையாசிரியர். எங்கள் வட்டாரத்தில் 95 சதவீதம் ஊசி போட்டாயிற்று என்கிறார்கள். நாங்கள் கவலைப்பட வேண்டுமா?

நல்ல கேள்வி ஐயா. ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பும் நோய் இது. அதனால்தான் பரவலைத் தடுக்க 95 சதவீதம் வேண்டும் என்கிறோம். ஆனால் அது சராசரி. வட்டாரம் முழுக்க 95 இருக்கும், ஊசி மறுக்கும் குடும்பங்கள் கூடி வாழும் ஒரு தெருவில் 60 இருக்கும். வைரஸ் சராசரியைப் பார்த்து வராது, அந்தத் தெருவுக்குத்தான் வரும். எனவே வகுப்புவாரியாகப் பட்டியல் எடுங்கள், முதல் தவணை, இரண்டாம் தவணை தனித்தனியாக. பெற்றோர் வாய்மொழி வேண்டாம், அட்டையைப் பாருங்கள். விடுபட்டவர்களில் பலர் மறுத்தவர்களாக இருக்க மாட்டார்கள். வீடு மாறியதில் தவறியவர்கள், வேலை விட்டு வர முடியாத பெற்றோரின் பிள்ளைகள். பள்ளியிலேயே ஒரு முகாம் வைத்தால் அவர்கள் வந்துவிடுவார்கள். யாருக்காவது நோய் வந்தால் தடிப்பு தொடங்கி 4 நாள் முடியும்வரை வீட்டில் இருக்கட்டும், சுகாதாரத் துறைக்கு அன்றே தெரியப்படுத்துங்கள்.

அட்டை தொலைந்துவிட்டது. போட்டோமா இல்லையா என்றே நினைவில்லை.

மறுபடி போட்டுவிடுங்கள். ஒரு தவணை கூடிப்போனால் கெடுதல் இல்லை. புது அட்டையை வாங்கியதும் போனில் படம் எடுத்து வையுங்கள்.